நம் பெட்டியைக் கொழும்பில் யார் பார்க்கிறார்கள்? குமரி மாவட்ட ஏற்றுமதியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குலசேகரம், கருங்கல் ஊர்ப் பக்கம் முந்திரிப் பருப்பு அனுப்புகிறவர்கள், தும்பும் கயிறும் அனுப்புகிறவர்கள், மயிலாடியில் கற்சிலை செய்து வெளிநாட்டுக் கோயில்களுக்கு ஏற்றுகிறவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. சரக்கு அடைத்த பெட்டி, அதாவது கன்டெய்னர், தூத்துக்குடி போகும்வரை எல்லாம் புரிகிறது. அப்புறம் வெளிநாட்டுத் துறைமுகத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் புகைமூட்டமாக இருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் இங்கே விளக்கியிருக்கிறேன். ஜி.எஸ்.டி. ரீஃபண்ட், டிராபேக் என்று வரியைத் திரும்பப் பெறும் விஷயம் எல்லாம் வேறு கதை.

அமெரிக்காவுக்குப் போகும் பெட்டியை ஏன் கொழும்பில் வைத்துப் பார்க்கிறார்கள்? அங்கே இறங்கிய பிறகு பார்த்தால் போதாதா?

2001 செப்டம்பர் 11 தாக்குதல் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. சரக்கு வந்து இறங்கும், சந்தேகம் இருந்தால் திறப்பார்கள். அதன் பிறகு வந்த பயம் வேறு மாதிரி. பெட்டிக்குள் அணுக் கதிர்வீச்சுப் பொருளோ வெடிபொருளோ இருந்தால், நியூயார்க் துறைமுகத்தில் அதைக் கண்டுபிடித்து என்ன பயன்? அதனால் கப்பலில் ஏறும் முன்பே, ஏற்றும் துறைமுகத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்று 2002 ஜனவரியில் அமெரிக்கச் சுங்கத்துறை ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பெயர் கன்டெய்னர் பாதுகாப்பு முன்முயற்சி. சி.எஸ்.ஐ. என்று ஷிப்பிங் லைன் ஆட்கள் சொல்வது இதைத்தான். கொழும்பு 2005 முதல் இதில் இருக்கிறது. தூத்துக்குடியில் ஃபீடர் என்ற சின்ன இணைப்புக் கப்பலில் ஏறும் பெட்டிகளில் நிறைய கொழும்பில்தான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. ஆகவே நம் பெட்டி அந்த வலைக்குள் தானாகப் போய்விடுகிறது.

அப்படியானால் இலங்கை மண்ணில் அமெரிக்க அதிகாரி வந்து நம் சரக்கைத் திறக்கிறாரா?

இல்லை. அமெரிக்க அதிகாரிகள் சிலர் அந்தத் துறைமுகத்தில் இருப்பார்கள். கப்பலின் சரக்குப் பட்டியலை (மேனிஃபெஸ்ட்) பார்த்து, "இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்பார்கள். ஸ்கேனரில் ஓட்டுவதும் சீலை வெட்டுவதும் அந்த நாட்டுச் சுங்கத்துறை. வெளிநாட்டில் வந்து பூட்டை உடைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. உள்ளூர்ச் சுங்கத்துறை மறுத்தாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ, அமெரிக்காவின் கையில் ஒரு கடைசி ஆயுதம் உண்டு: "ஏற்றாதே" என்று கப்பல் கம்பெனிக்கு உத்தரவு. அது வந்துவிட்டால் பெட்டி யார்டில் கிடக்க வேண்டியதுதான்.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. இதே ஏற்பாட்டின்படி கனடாவும் ஜப்பானும் தங்கள் அதிகாரிகளை அமெரிக்கத் துறைமுகங்களில் வைத்ததுண்டு.

தூத்துக்குடி, கொச்சி, விழிஞ்ஞம் இந்தத் திட்டத்தில் உண்டா?

இந்தியத் துறைமுகம் எதுவும் இல்லை. உலகம் முழுக்க சுமார் 60 துறைமுகங்கள் இருக்கின்றன. நமக்குப் பழக்கமானவை கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் போர்ட் கிளாங், தஞ்சோங் பெலப்பாஸ், துபாய், ஓமானின் சலாலா. அமெரிக்காவுக்குக் கடல்வழியாகப் போகும் கன்டெய்னர் சரக்கில் 80 சதவீதத்துக்கு மேல் இந்தத் துறைமுகங்களின் பார்வையில் படுகிறது.

இந்தியாவிலிருந்து நேராகப் போகும் பெட்டி தப்பித்தது என்று நினைக்க வேண்டாம். அதன் விவரமும் ஏற்றும் முன்பே அமெரிக்காவுக்குப் போய்விடும். சந்தேகம் இருந்தால் அங்கே இறங்கியதும் பிடிப்பார்கள்.

துறைமுக வேலி, கேமரா, அடையாள அட்டை, கப்பலுக்குப் பாதுகாப்பு அதிகாரி என்று தூத்துக்குடியில் பார்க்கிறோமே, அது வேறு. அது ஐ.எஸ்.பி.எஸ். என்ற சர்வதேச விதி, 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. துறைமுகத்தையும் கப்பலையும் காப்பதற்கானது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை.

எல்லாப் பெட்டியையும் ஸ்கேன் செய்வார்களா?

அப்படி ஒரு சட்டமே போட்டார்கள். வெளிநாட்டில் ஏறும் ஒவ்வொரு பெட்டியும் 2012 ஜூலைக்குள் ஸ்கேன் ஆகியிருக்க வேண்டும் என்று 2007-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சொன்னது. பாகிஸ்தானின் போர்ட் காசிம் போன்ற சில இடங்களில் நூற்றுக்கு நூறு செய்து பார்த்தார்கள். சின்னத் துறைமுகத்தில் ஓடியது. பெட்டி ஒரு கப்பலிலிருந்து இறங்கி அடுத்த கப்பலில் ஏறும் பெரிய துறைமுகங்களில் இடமும் நேரமும் இடிக்கிறது. காலக்கெடுவை இரண்டிரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் கணிப்பில் அது நடக்கப்போவதில்லை. எந்தப் பெட்டியைப் பார்ப்பது என்று காகிதத்தை வைத்து முடிவு செய்வதுதான் நடைமுறை. அதனால்தான் அடுத்த கேள்வி முக்கியம்.

நம் பெட்டியை மட்டும் ஏன் பிடித்தார்கள்? நாங்கள் தேங்காய் நார்தானே அனுப்பினோம்!

நார் என்பது உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டுமே. அமெரிக்காவில் ஒரு மையம் எல்லா மேனிஃபெஸ்டையும் மென்பொருளில் போட்டு மதிப்பெண் கொடுக்கிறது. யார் அனுப்புகிறார், யார் வாங்குகிறார், எங்கே பெட்டியில் அடைத்தார்கள், என்ன பொருள், எந்த வழியில் போகிறது, எடையும் பொருளும் பொருந்துகிறதா என்றெல்லாம் பார்க்கும். மதிப்பெண் கூடினால் பெட்டி நிற்கும். அந்தச் சூத்திரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் நம் பக்கம் பெட்டி நிற்பதற்குப் பெரும்பாலும் கடத்தல் காரணமில்லை, சோம்பல்தான் காரணம் என்பது என் அனுபவம்.

பொருள் விவரம் என்ற கட்டத்தில் 'பொதுச் சரக்கு', 'பலவகைப் பொருள்', 'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது' என்று எழுதுவது பழைய வழக்கம். இவை செல்லாது என்று அமெரிக்கச் சுங்கம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. 'தென்னைப் பொருட்கள்' என்று எழுதினால் அது எண்ணெயா, கயிறா, சிரட்டைக் கரியா? 'அமுக்கிய நார்க்கழிவுக் கட்டி, 5 கிலோ, பேலட் தட்டில் அடுக்கியது' என்று எழுதுங்கள். 'கைவினைப் பொருள்' என்பதற்குப் பதில் 'கருங்கல் விநாயகர் சிலை, மரப்பெட்டியில்' என்று எழுதுங்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி ஆவணம்), பி.எல். (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) நான்கிலும் ஒரே வார்த்தை, ஒரே எடை, ஒரே எண்ணிக்கை இருக்கட்டும். இன்வாய்ஸை மகன் அடிக்கிறார், பேக்கிங் லிஸ்டை மேனேஜர் அடிக்கிறார், பி.எல். டிராஃப்டை ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பிவைக்கும் ஏஜென்ட்) ஆபீஸ் அடிக்கிறது. மூன்றும் மூன்று விதமாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது ஒளிக்கிற மாதிரிதான் தெரியும்.

வாங்குபவரின் முகவரியையும் கவனியுங்கள். தபால் பெட்டி எண் மட்டும் கொடுக்கிற புது வாடிக்கையாளர் என்றால் முழு முகவரியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அந்த 24 மணி நேரக் கணக்கு எங்கே தொடங்குகிறது?

அமெரிக்கா போகும் கப்பலில் பெட்டி ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பு விவரம் அவர்களிடம் போயிருக்க வேண்டும். 2002 டிசம்பரில் வந்த விதி. கொழும்பில் கப்பல் மாறினால், அங்கே பெரிய கப்பலில் ஏறும் நேரம்தான் கணக்கு. ஆனால் லைன்காரர்கள் தூத்துக்குடியிலேயே, ஃபீடர் கட்-ஆஃபுக்கு (பெட்டியை ஏற்கும் கடைசி நேரம்) முன்பே விவரம் கேட்பார்கள். கொழும்பில் பெட்டி மாட்டிக்கொண்டால் யார்டு வாடகை யார் கட்டுவது என்ற தலைவலி அவர்களுக்கு. அது அமெரிக்க விதி இல்லையே என்று சண்டை போட்டுப் பலனில்லை.

'பத்து பிளஸ் இரண்டு' என்று அமெரிக்க வாடிக்கையாளர் மெயில் போட்டு அவசரப்படுத்துகிறார். அது என்ன?

2009 முதல் உள்ள விதி. இறக்குமதி செய்பவர் பத்து விவரம் தர வேண்டும், கப்பல் கம்பெனி இரண்டு தர வேண்டும். விற்றவர், வாங்கியவர், தயாரித்தவர், எந்த நாட்டுப் பொருள், ஆறு இலக்க ஹெச்.எஸ். கோடு (பொருளை வகைப்படுத்தும் சர்வதேச எண்), கடைசியில் சரக்கு போய்ச் சேரும் முகவரி, பெட்டியில் அடைத்த இடம், அடைத்துக் கொடுத்தவர் போன்றவை. தாக்கல் செய்வது அவர் பொறுப்பு. தப்பினால் ஒரு தவறுக்கு 5,000 டாலர் வரை அபராதம் அவருக்கு. ஆனால் பாதி விவரம் உங்களிடம்தான் இருக்கிறது. உங்கள் ஆபீஸ் நாகர்கோவிலில், ஷெட் திங்கள்சந்தையில், சரக்கு அடைத்தது தூத்துக்குடி சி.எஃப்.எஸ்.ஸில் (சரக்கைப் பெட்டியில் அடைக்கும் நிலையம்) என்றால், அடைத்த இடம் சி.எஃப்.எஸ். முகவரிதான். ஆபீஸ் முகவரியைப் போட்டுவிடாதீர்கள்.

காலிப் பெட்டி ஷெட்டுக்கு வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

நம் கையில் இருக்கும் பாதுகாப்பு இதுதான். ஆனால் லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஏழு இடம் பார்க்க வேண்டும்: முன்சுவர், இடது, வலது, தரை, கூரை, கதவு உள்ளும் புறமும், அடிப்பாகம்.

செய்கிற விதத்தைச் சொல்கிறேன். ஒரு ஆளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். பட்டப்பகலில் உள்ளே எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் வந்தால் ஓட்டை இருக்கிறது. முந்திரிக்கும் தும்புக்கும் இது மழைநீர் விஷயமும்கூட. அடுத்து, டேப் பிடித்து உள் நீளத்தை அளக்க வேண்டும். 20 அடிப் பெட்டியின் உள்ளே சுமார் 5.9 மீட்டர் இருக்கும், 40 அடி என்றால் சுமார் 12 மீட்டர். அரை அடி குறைந்தாலும் போலிச் சுவர் இருக்கலாம். முன்சுவரின் இரண்டு மூலையிலும் கட்டை மாதிரிப் பாகம் கண்ணுக்குத் தெரியும், காற்றுத் துவாரமும் தெரியும். அவை மறைந்திருந்தால் சந்தேகப்படுங்கள். சுவரையும் தரையையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், சத்தம் ஒரே மாதிரி வர வேண்டும். புதிதாக ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட், புது வெல்டிங், பசை வாசனை இருந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். லைன் வேறு தரும்.

கதவில் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளையும் பாருங்கள். திருடன் சீலைத் தொடுவதே இல்லை. ரிவெட்டைத் துளைத்துக் கைப்பிடியைக் கழற்றிக் கதவைத் திறந்துவிட்டு, திரும்ப மாட்டிப் பெயின்ட் அடித்துவிடுவான். சீல் எண் அப்படியே இருக்கும்.

அப்புறம் சீல். சர்வதேசத் தரம் 17712 உள்ள போல்ட் சீல் போட வேண்டும். போல்ட் கட்டர் இல்லாமல் வெட்ட முடியாது. தொழிற்சாலையிலேயே அடைத்து நீங்களே சீல் வைக்கும் அனுமதி இருந்தால், 2017 முதல் ஆர்.எஃப்.ஐ.டி. மின்னணு சீல்தான். சீலை மாட்டியதும் எண்ணைப் படித்துக் காகிதத்தோடு சரிபார்த்து, கீழே இழுத்து, திருகிப் பாருங்கள். கழன்று வந்தால் சரக்கு ஷெட்டில் இருக்கும்போதே தெரிந்துவிடும். கதவு மூடும் முன் ஒன்று, சீல் வைத்த பின் எண் தெரிய ஒன்று என்று போட்டோ எடுத்து வையுங்கள். சீல் டப்பாவை வாட்ச்மேன் மேஜையில் போட்டு வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள்.

வழியில் சுங்கத்துறை திறந்து மறுபடி வேறு சீல் போட்டால், புது எண் பி.எல்.லில் ஏற வேண்டும். இதைக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை.

லாரி ஆரல்வாய்மொழி தாண்டி டீக்கடையில் நின்றால்கூடப் பிரச்சினையா?

டீக்கு நிற்பது பிரச்சினை இல்லை. வழியில் ட்ரெய்லரை இரவு முழுக்க விட்டுவிட்டு டிரைவர் வீட்டுக்குப் போவதுதான் பிரச்சினை. காலையில் கட்-ஆஃப் என்றால் சாயங்காலம் ஏற்றி நேராக அனுப்புங்கள். நின்ற இடத்தில் சீலையும் கைப்பிடியையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணாச்சி, நாங்கள் மயிலாடியில் சிலை செய்கிறோம். கருங்கல்லுக்கு ரேடியேஷன் அலாரம் அடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் பயப்பட வேண்டாம். துறைமுக வாசலில் பெட்டி இரண்டு தூண்களுக்கு நடுவே போகும். அவை கதிர்வீச்சை உணரும். கிரானைட்டில் இயற்கையாகவே கொஞ்சம் பொட்டாசியம், யுரேனியம், தோரியம் இருக்கும். டைல்ஸ், பொட்டாஷ் உரம், பூனைக்குப் போடும் களிமண் எல்லாமே அலாரம் அடிக்கக்கூடியவை. அடித்தால் பெட்டியை ஓரங்கட்டி, கையடக்கக் கருவியால் எந்தத் தனிமம் என்று பார்ப்பார்கள். பொட்டாசியம், தோரியம் என்று காட்டி, காகிதத்திலும் 'கருங்கல் சிலை' என்று இருந்தால் கேள்வி அங்கேயே முடிகிறது. காகிதத்தில் 'கைவினை அலங்காரப் பொருள்' என்று இருந்தால் முடியாது.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கடற்கரையிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார். அதைத் தேடி வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். ஸ்கேனர் கிடையாது, சுங்க மென்பொருள் கிடையாது. கயிற்றில் ஒட்டிய மணலே நம் கரையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த மோனசைட்டில் சுமார் 9 சதவீதம் தோரியம் ஆக்சைடு. இன்று அது அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிறது, தனியார் யாரும் அனுப்ப முடியாது. மற்ற கடற்கரை மணல் கனிமங்களின் ஏற்றுமதியும் 2018 முதல் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் வழியாகத்தான். கருமணல் கரையில் தும்பு காயப்போடுகிறவர்கள் தார்ப்பாய் விரித்துக் காயப்போடுங்கள். மணல் கலந்த தும்பை எந்த வாடிக்கையாளரும் விரும்புவதில்லை என்ற ஒரு காரணமே போதும்.

உறைமீன் போகும் ரீஃபர் (குளிர்சாதன) பெட்டியை எக்ஸ்ரே எடுத்தால் மீன் கெட்டுவிடுமா?

எக்ஸ்ரேயால் கெடாது. கதவைத் திறந்து வெயிலில் வைத்தால் கெடும். உள்ளே வெப்பநிலைப் பதிவுக் கருவி போட்டு அனுப்புங்கள். எங்கே, எவ்வளவு நேரம் மைனஸ் 18-க்கு மேல் போனது என்று பின்னால் காட்ட அது ஒன்றுதான் சாட்சி.

எல்.சி.எல். முறையில், பலர் சரக்கோடு ஒரே பெட்டியில் அனுப்புகிறோம். பக்கத்துச் சரக்கில் தப்பு இருந்தால்?

உங்கள் சரக்கும் சேர்ந்து நிற்கும். வேறு வழியில்லை. பலர் சரக்கைச் சேர்த்து அடைக்கும் கன்சாலிடேட்டர் முன்பின் தெரியாதவர் என்றால் அவரிடம் விலை குறைவு என்பதற்காக மட்டும் கொடுக்காதீர்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை இறக்குகிறோம். இறக்குமதிக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு, இன்னும் அதிகக் கவனம் வேண்டும். 2021 ஏப்ரலில் தூத்துக்குடியில் வருவாய்ப் புலனாய்வுத் துறை ஒரு பெட்டியிலிருந்து 300 கிலோவுக்கு மேல் கோகைன் எடுத்தது. பனாமாவில் ஏறி, ஆன்ட்வெர்ப், கொழும்பு வழியாக வந்த, மரக்கட்டை ஏற்றிய பெட்டி. இத்தனை துறைமுகம் தாண்டி வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சி.எஸ்.ஐ. அமெரிக்காவுக்குப் போகும் பெட்டிக்கான ஏற்பாடு; மற்ற நாடுகளுக்குள் ஓடும் போதைப்பொருளுக்கு ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் உலகச் சுங்க அமைப்பும் சேர்ந்து 2004 முதல் தனித் திட்டம் நடத்துகின்றன.

கடத்தல்காரர்கள் நல்ல பெயருள்ள கம்பெனியின் பெட்டியை, கம்பெனிக்கே தெரியாமல், இடைவழியில் திறந்து பைகளைப் போட்டுப் போலி சீல் மாட்டுவதுண்டு. அதனால் பெட்டி ஃபேக்டரிக்கு வந்ததும் சீல் எண்ணை பி.எல்.லோடு ஒப்பிடாமல் வெட்டாதீர்கள். எண் மாறியிருந்தால் யாரும் கைவைக்கக் கூடாது. உங்கள் கஸ்டம்ஸ் புரோக்கருக்கும் சுங்கத்துறைக்கும் உடனே சொல்லுங்கள். திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள்.

ஏ.இ.ஓ. சான்று எடுத்தால் பெட்டி நிற்காதா?

நிற்பது குறையும். உலகச் சுங்க அமைப்பு 2005-இல் போட்ட பாதுகாப்புச் சட்டகத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. நம்பகமான நிறுவனம் என்று உங்கள் நாட்டுச் சுங்கம் சான்று தந்தால் மற்ற நாடும் அதை மதிக்கும். இந்தியாவும் அமெரிக்காவும் 2021 செப்டம்பரில் இதற்கு ஒப்பந்தம் செய்தன. தென்கொரியா, ஹாங்காங்கோடும் உண்டு. முதல் நிலைக்குக் கணக்கு வழக்கு சுத்தமாக இருந்தால் போதும். வெளிநாட்டில் செல்லுபடியாவது இரண்டாம், மூன்றாம் நிலைகள். அதற்கு வேலி, கேமரா, சீல் பதிவேடு எல்லாம் நேரில் வந்து பார்ப்பார்கள். வருடத்துக்கு 25 ஆவணமாவது தாக்கல் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை சிறு குறு நிறுவனங்களுக்கு 10 என்று தளர்த்தப்பட்டிருக்கிறது. மாதம் ஒரு பெட்டி அனுப்புகிறவரும் முயற்சி செய்யலாம்.

சரக்குப் பாதுகாப்புக்கான அமெரிக்காவின் சி-டிபாட் திட்டத்தில் சேரச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால், இந்திய ஏற்றுமதியாளர் அதில் நேரடியாகச் சேர முடியாது என்று சொல்லுங்கள். அவர் சேர்ந்திருப்பார், உங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்புவார், அதை நிரப்பினால் போதும். இல்லாத கேமராவை இருக்கிறது என்று எழுத வேண்டாம். ஆள் வந்து பார்ப்பார்கள்.

ஐரோப்பாவுக்கும் இதே கதைதானா?

கிட்டத்தட்ட. ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் தரும் முறை அங்கே 2011 முதல் இருக்கிறது. 2024 முதல் கடல் சரக்குக்கும் புது முறை வந்து, ஆறு இலக்க ஹெச்.எஸ். கோடும் தெளிவான பொருள் விவரமும் கட்டாயம். ஜப்பானும் 2014 முதல் கேட்கிறது.

சோதனைச் செலவு யார் தலையில்?

பெரும்பாலும் சரக்குக்காரர் தலையில்தான். விற்பவரா வாங்குபவரா என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இடைத்துறைமுகச் சோதனை, யார்டு வாடகை யாருடையது என்று ஆர்டர் பிடிக்கும்போதே ஒரு வரி எழுதி வாங்குங்கள். பெட்டி நின்ற பிறகு பேசினால் உறவு கெடும், பணமும் வராது.

விழிஞ்ஞம் வந்துவிட்டதே, இனி கொழும்பு தேவையில்லையா?

2024 ஜூலையில் முதல் பெரிய கப்பல் வந்தது, 2025 மே 2-இல் முறைப்படி திறந்தார்கள். களியக்காவிளை எல்லைக்குப் பக்கம் என்பதால் ஆசை இருப்பது நியாயம். நம் மாவட்டத்து இனயத்தில் 2016-இல் கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்த துறைமுகம் மீனவர் எதிர்ப்பில் நின்றுபோனதும் எல்லோருக்கும் தெரியும். விழிஞ்ஞத்தில் தொடங்கிய வேலை கப்பலுக்குக் கப்பல் பெட்டி மாற்றுவது. நம் லாரி அங்கே போகலாமா என்பதை ஒவ்வொரு ஆர்டருக்கும் ஃபார்வர்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கே ஏற்றினாலும் காகிதக் கணக்கு மாறப்போவதில்லை.

கரையில் பெட்டி ஒதுங்கினால் என்ன செய்வது?

2025 மே 25-இல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி போன எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கன்டெய்னர் கப்பல் மூழ்கியது. சுமார் 640 பெட்டிகள் இருந்தன. பிளாஸ்டிக் மணிகள் நம் மாவட்டக் கரைக்கும் வந்து சேர்ந்தன. அதில் 13 பெட்டிகளில் ஆபத்தான சரக்கு, 12-இல் கால்சியம் கார்பைடு என்று சீக்கிரமே தெரிந்தது; மேனிஃபெஸ்ட் இருந்ததால்தான் தெரிந்தது. கார்பைடில் தண்ணீர் பட்டால் தீப்பற்றும் அசிட்டிலின் வாயு வரும். ஒரு பெட்டியின் விவரத்தை மாற்றி எழுதியிருந்தால், அதை இழுத்துக் கரைசேர்க்கப் போகிற வள்ளக்காரர் உயிருக்குத்தான் வினை. ஆகவே ஒதுங்கிய பெட்டியையோ மூட்டையையோ தொடாதீர்கள். குறைந்தது 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள், பிள்ளைகளையும் தள்ளி நிறுத்துங்கள், 112-க்கு அழையுங்கள். பெட்டி எண் தெரிந்தால் தூரத்திலிருந்தே போட்டோ எடுங்கள்: நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அதை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.